ஒன்பது நாற்பத்தெட்டுக்கு எழுதிய கடிதம்

செத்தவர் கடிதம் எழுத மாட்டார் என்பது எஸ்.ஐ. பிரதாபனின் கட்சி. ராவுண்ணி மாஷ் எழுதினார் என்பது வெள்ளாரம்பாறை ஊரின் கட்சி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் மாஷின் மனைவி வத்சலா. பொய்ச் சாட்சி உண்டாக்கியதாக அவர் மேல் கேஸ். முன்ஜாமீன் மனு மறுநாள் காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் வருகிறது. தள்ளுபடி ஆனால் அங்கிருந்து நேரே ஜெயில்தான்.

"பேய் மேல கேஸ் போட சட்டத்துல இடமில்ல மேடம்," என்று பிரதாபன் போனில் சொல்லிச் சிரித்தார். "அதான் பொண்டாட்டி மேல போட்டிருக்கேன்."

ரோஸிலி சேச்சி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, "டிக்சா, வண்டியை எடு," என்றார்.

டிக்சன் என்பது நான். திருச்சூரில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் சேச்சி நடத்தும் துப்பறியும் ஆபீஸில் நாலு வருடமாக உதவியாளன். சம்பளம் கொஞ்சம், திட்டு ஏராளம். சேச்சி முன்பு தந்தி ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். யாராவது அழுதுகொண்டே வந்து என் புருஷனைக் காணோம் என்றாலும் அவர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு?"

கேஸ் இதுதான். ராவுண்ணி அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர், ஊருக்கு மாஷ், ஐம்பத்தோரு வயது. வீட்டுக்குப் பின்னால் மலையை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்த சசாங்கனின் கல்குவாரிக்கு எதிராக மனு மேல் மனு போட்டவர். ஒரு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் பிணமாக மிதந்தார். கால் வழுக்கி விழுந்தார் என்றான் சசாங்கன். உயிர் போனது மாலை ஏழு மணிக்குள் என்றார் டாக்டர். நாலு நாள் கழித்து மாஷின் லாப்டாப்பில் கலெக்டருக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. 'இன்று ஆறு மணிக்குக் குவாரி ஓரத்துக்குத் தனியாக வரச் சொல்லியிருக்கிறான் சசாங்கன். மனுவை வாபஸ் வாங்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன். நான் திரும்பவில்லையென்றால் அவனைக் கேளுங்கள்.'

சசாங்கனைத் தூக்கி உள்ளே வைக்க அது போதும். ஆனால் கடிதம் எழுதப்பட்ட நேரம் அதே சனிக்கிழமை இரவு ஒன்பது நாற்பத்தெட்டு. மாஷ் செத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வத்சலா எங்களை மாஷின் அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு காலி நாற்காலி. ஜன்னல் வழியாக, குவாரி பாதி தின்றுவிட்ட மலை தெரிந்தது.

"குளிருது சேச்சி, ஃபேனை நிறுத்திடலாமா?" என்று நான் வத்சலாவிடம் கேட்டேன்.

"வேண்டாம் மோனே. மாஷுக்கு வேர்க்கும்."

நான் நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன். பயந்தால் எனக்கு வாய் அதிகமாகும். "மாஷ் உக்காந்திருந்தா நான் நின்னுக்கறேன்," என்றேன். ரோஸிலி சேச்சி என் காலை மிதித்தார்.

"அன்னிக்கு நடந்ததை மணி வாரியா சொல்லு வத்சலா," என்றார்.

"காலையில இந்த ரூமுக்குள்ள போனவர்தான். என் தங்கச்சி மகன் பெங்களூர்ல இருக்கான், அவன் தூக்கிப் போட இருந்த லாப்டாப்பை இவர் வாங்கிட்டு வந்தார். டிஸ்க்கை மாத்தி, விண்டோஸைக் கடாசிட்டு லினக்ஸ் போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்னு ஒரே சந்தோஷம். சாயந்தரம் அஞ்சே முக்காலுக்குக் குடையை எடுத்துட்டு, இதோ வந்துடறேன்னு போனார்."

"அப்புறம்?"

"ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். நான் அடுக்களையில இருந்தேன். இந்த ரூமுக்குள்ள டைப் அடிக்கற சத்தம். டிக்... டிக் டிக்... யோசிச்சு யோசிச்சு அடிக்கற மாதிரி. பக்க வாசல் வழியா வந்துட்டார் போலன்னு, கஞ்சி ஆறுதுன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. கதவைத் திறந்தேன். ஆள் இல்ல. சத்தமும் நின்னுடுச்சு. பதினோரு மணிக்குத்தான் ஆளுங்க வந்து சொன்னாங்க."

"இதை அப்படியே போலீஸ்ல சொல்லிட்டியா?"

"நடந்ததைத்தானே சொல்லணும்?"

"வீட்டுல உன்னைத் தவிர யாரும் இல்லேன்னும் சொன்னியா?"

"சொன்னேன்." வத்சலாவின் குரல் ஏறியது. "சத்தமே கேக்கலேன்னு சொல்லும்மா, தப்பிச்சுக்கலாம்னு வக்கீல் சொல்றார். எப்படிச் சொல்லுவேன் சேச்சி? உயிர் போனதுக்கப்புறமும் மழையில நடந்து வீட்டுக்கு வந்திருக்கார். உக்காந்து எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். எனக்காக வந்தவரை வரலேன்னு நான் சொல்லணுமா? ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குப் போய்விட்டார். பேய்க்கு வக்காலத்து வாங்கி ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"சேச்சி, மனசுல பட்டதைச் சொல்லவா?" என்றேன் மெதுவாக. "புருஷனைக் கொன்னவனை மாட்டிவிடணும்னு அவங்களே எழுதியிருந்தா?"

"பொய்க் கடிதம் எழுதறவ, அவர் சாகறதுக்கு முன்னாடி எழுதின மாதிரிதான் எழுதுவா. செத்து மூணு மணி நேரம் கழிச்சு எழுதின மாதிரி எந்த முட்டாளாவது எழுதுவானா?"

"நான் எழுதுவேன்."

"அதனாலதான் உன்னை நான் சந்தேகப்படறதே இல்ல. வேலையைப் பாரு."

போலீஸ் அன்றைக்கு டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போய்த் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துப் படித்திருந்தார்கள். லாப்டாப்பின் உடம்பு இங்கேயே கிடந்தது. டிஸ்க்கின் நகல் ஒன்று கோர்ட் மூலம் எங்கள் கைக்கு வந்திருந்தது. அதைப் பொருத்தத்தான் வந்திருந்தோம். நான் லாப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியின் பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே டிஸ்க் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. நகலை அங்கே தள்ளி, அழுத்தி, மூடினேன். சேச்சி அதற்குள் மேஜையிலிருந்த மாஷின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"டிக்சா, லினக்ஸ்ல இத்தனை ஜாதியா?"

விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற சாமான்தான் லினக்ஸ், ஆனால் யாருக்கும் சொந்தமில்லாதது. ஆளாளுக்கு அதை எடுத்து அவரவர் ருசிக்குச் சமைத்து வேறு வேறு பெயரில் கொடுப்பார்கள். எதை எடுப்பது என்பதில் லினக்ஸ்காரர்கள் கட்சிக்காரர்கள் மாதிரி சண்டை போடுவார்கள். மாஷ் ஒரு வாரம் மண்டையை உடைத்திருக்கிறார் என்று நோட்டு சொன்னது. 'உபுண்டு: கம்பெனி வாசனை.' கோடு போட்டு அடித்திருந்தார். 'மின்ட்: நல்ல பிள்ளை. ஆனால் பூட்டுப் போட்ட சாமானையும் உள்ளே விடும்.' அடி. 'டெபியன்: அதுவும் கடைசியில் இறங்கி வந்துவிட்டது. வருத்தம்.' இரண்டு அடி. கீழே பெரிய எழுத்தில், 'ட்ரிஸ்குவெல்: சுத்தம்!' அதற்கு மட்டும் டிக்.

"சுத்தம்னா?"

"உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம்கற சாமான் மட்டும்தான் இருக்கும். பூட்டினது ஒண்ணுகூட இருக்காது. மாஷ் மாதிரி ஆசாரக்காரங்க போடறது."

பித்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. புது வகை டிஸ்க்கில் சுற்றுகிற பாகம் கிடையாது. பதினைந்து நொடியில் திரை விழித்தது. நான் மூலையைப் பார்த்து அலறினேன்.

"சேச்சி! மணி நாலு அம்பது! மத்தியானச் சாப்பாடு போச்சே! அந்த மத்திக் குழம்பு வாசனை வந்தப்பவே கேட்டிருக்கணும்!"

சேச்சி திரையைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார். "உன் வயிறு என்ன சொல்லுது?" என்றார்.

"பதினொண்ணு, பதினொண்ணே கால்னு சொல்லுது."

"பதினொண்ணு இருபது. உன் வயித்தை நம்பலாம்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். அது நல்ல அறிகுறி.

மேஜை ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து தொங்கும் ஒயர். உள்ளே லாப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க். போலீஸ் அதைச் சீண்டவில்லை. "இதைச் சொருகு," என்றார் சேச்சி.

சொருகினேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அந்த அறையில், யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால், அந்தச் சத்தம் எழுந்தது.

டிக்.

டிக் டிக்.

நின்றது. யோசித்தது. டிக்.

யாரோ ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதுபோல இருந்தது. அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அடுத்த நொடி வத்சலா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் அதில்.

"வந்துட்டாரா?" என்றார்.

எனக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. சேச்சி கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

"நீ அன்னிக்குக் கேட்டது இதுதானா வத்சலா?"

"ஆமா."

"இது பழைய டிஸ்க். சாகற நிலைமையில இருக்கறதால உள்ளே இப்படித் தட்டுது. பழைய டிஸ்க்குல உன் தங்கச்சி மகனோட போட்டோ எல்லாம் இருந்திருக்கும். அதைப் புதுசுக்கு மாத்தப் போட்டுட்டு மாஷ் வெளியே போயிருக்கார். அது ராத்திரி வரைக்கும் தட்டிட்டு இருந்திருக்கு. நீ கதவைத் திறந்தப்போ தற்செயலா நின்னிருக்கு."

வத்சலா அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் மெல்ல வடிந்தது. ஆனால் தலை குனியவில்லை. "சத்தம் வேணா அதா இருக்கட்டும். கடிதத்தை எழுதினது யாரு? ஒன்பது நாப்பத்தெட்டுன்னு போலீஸே சொல்றாங்களே? டிஸ்க்கா எழுதுச்சு?"

நியாயமான கேள்வி. சேச்சி வேறொன்று கேட்டார். "அவர் போனதுக்கப்புறம் அவர் பேருக்கு ஏதாவது வந்துச்சா?"

வத்சலா அலமாரியிலிருந்து பிரிக்காத கூரியர் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். "எட்டாம் நாள் வந்தது. ராவுண்ணி மாஷ் வீட்டுல இருக்காரான்னு அந்தப் பையன் கேட்டான். இருக்கார்னு சொல்லி வாங்கி வெச்சேன்."

பிரித்தேன். கட்டைவிரல் அளவு வைஃபை குச்சி.

"டிக்சா, லாப்டாப்புக்குள்ளயே வைஃபை இருக்குமே? அப்புறம் இது எதுக்கு?"

"உள்ளே இருக்கு. ஆனா அந்தச் சிப் வேலை செய்ய பூட்டுப் போட்ட ஒரு சாமான் வேணும். இந்தச் சுத்த லினக்ஸ் அதைத் தொடாது. அதான் சுத்தமான குச்சியா பாத்து ஆர்டர் போட்டிருக்கார். கேபிள் சொருகலாம்னா இந்த லாப்டாப்புல அதுக்கு ஓட்டையே இல்ல."

"ஆக, அன்னிக்கு இந்த லாப்டாப்புக்கு நெட் இல்ல."

"அன்னிக்கு மட்டுமா? இப்பவும் இல்ல."

சேச்சி மாஷின் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அலறாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். "இவ்வளவு ஆசாரமா லினக்ஸ் போட்ட மனுஷன் பேசாம இருந்திருப்பாரா? யார்கிட்டயாவது பெருமையடிச்சிருப்பாரே?"

"ஜில்லா லினக்ஸ் குழு ஒண்ணு வாட்ஸாப்புல இருக்கு. அறுபத்திமூணு பேர். எந்நேரமும் அடிச்சுக்குவாங்க. அதுல..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"அதுல?"

"நானும் இருக்கேன் சேச்சி. படிக்கறதில்ல."

"நானூறு மெசேஜ் பாக்கி வெச்சிருக்கற ஒருத்தனுக்கு நான் சம்பளம் குடுக்கறேன். எடு."

எடுத்தேன். ஒரு மாதம் பின்னால் தள்ளினேன். அந்தச் சனிக்கிழமை, பகல் இரண்டு பத்துக்கு, ராவுண்ணி மாஷ் அனுப்பிய போட்டோ. புது டிஸ்க், புது லினக்ஸ், இதே மேஜை, இதே திரை. கீழே, 'தோழர்களே, சுத்தம்!'

நான் போட்டோவைப் பெரிதாக்கினேன். திரையின் மூலையில் மணி தெரிந்தது. இரவு ஏழு நாற்பது.

"சேச்சி," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பகல் ரெண்டு பத்துக்கு எடுத்த போட்டோவுல ராத்திரி ஏழு நாப்பது."

"இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு அம்பது." திரையைப் பார்த்தேன். அதில் ஐந்து இருபது.

"வித்தியாசம்?"

"ரெண்டுலயும் அஞ்சரை மணி நேரம்."

"இந்தியா மணிக்கும் உலகப் பொது மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்? தந்தி ஆபீஸ்ல தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். அஞ்சரை." சேச்சி லாப்டாப்பைத் தட்டினார். "இதுக்கு அடியில ஒரு சின்னக் கடிகாரம் ஓடிட்டே இருக்கும். டிஸ்க்கை மாத்தினாலும் அது மாறாது. விண்டோஸ் அதுல நம்ம ஊர் மணியையே வெச்சிட்டுப் போயிருக்கு. லினக்ஸ் வந்து அதைப் பொது மணின்னு நெனச்சு, இந்தியாவுக்காக இன்னொரு அஞ்சரையைக் கூட்டிக் காட்டுது. நான் சொல்றது சரியா?"

"சரிதான் சேச்சி! நெட் கிடைச்சிருந்தா அடுத்த நிமிஷமே தானா திருத்திக்கும். வேற எந்த லினக்ஸ் போட்டிருந்தாலும் வைஃபை வந்திருக்கும். மாஷ் சுத்தம் பாத்ததால..."

"சுத்தம் பாத்ததால மனைவி ஜெயில் வாசல்ல நிக்கறா. கீழே வேற ஏதோ எழுதியிருக்கே, படி."

போட்டோவுக்கு அடியில் யாரோ கேட்டிருந்தான்: 'மாஷே, உங்க ஊர்ல அதுக்குள்ள இருட்டிடுச்சா?' மாஷ் பதில் போட்டிருந்தார்: 'கடிகாரம் அஞ்சரை மணி நேரம் முந்தி ஓடுது. வைஃபை குச்சி வந்தா தானா சரியாகும். அதுவரைக்கும் நான் எதிர்காலத்துல இருக்கேன்.'

ஒரு மாதமாக அந்த வாக்குமூலம் என் சட்டைப் பையில் கிடந்திருக்கிறது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. போலீஸும் வேண்டாம், பேயும் வேண்டாம், செத்தவரே சாட்சி சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அறுபத்திமூன்று பேர் போனில் அது இருக்கிறது. பிரதாபன் அத்தனை போனையும் பொய் என்று சொல்ல முடியாது.

"ஒன்பது நாப்பத்தெட்டுல அஞ்சரையைக் கழி," என்றார் சேச்சி.

"நாலு பதினெட்டு. சாயந்தரம் நாலு பதினெட்டு! உயிரோட இருக்கறப்போ எழுதினது!" நான் குதித்தேன். "கடிதம் அசல்! வத்சலா சேச்சி, நாளைக்கு நீங்க வீட்டுக்கு வரீங்க, சசாங்கன் உள்ளே போறான்! பிரதாபன் மூஞ்சியைப் பாக்க நான் முன்வரிசையில உக்காருவேன்!"

சேச்சி ஏற்கெனவே வக்கீலுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். 'நாலு பதினெட்டு' என்பதை இரண்டு முறை சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். குழுவில் யார் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று கேட்டார். வக்கீலின் சந்தோஷக் கூச்சல் எனக்கே கேட்டது.

வத்சலா மட்டும் அசையவில்லை.

"நாலு பதினெட்டா?" என்றார்.

"ஆமா சேச்சி."

"நாலே காலுக்கு மழை தூற ஆரம்பிச்சது." அவர் யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. "நான் இதே வாசல்ல வந்து நின்னு, கொடியில துணி கிடக்கு, கொஞ்சம் எடுங்கன்னேன். ரெண்டு நிமிஷம்னார். எப்பப் பாத்தாலும் அந்தப் பெட்டியைக் கட்டிட்டு அழுங்கன்னு திட்டிட்டு நானே போய் எடுத்தேன். திரும்பி வந்து பாத்தப்போ சிரிச்சார். அப்ப இதைத்தான் எழுதிட்டு இருந்தாரா?"

ரோஸிலி சேச்சி போனை அணைத்தார். எத்தனையோ பேரின் பொய்யைப் பிடித்தவர், அப்போது ஒரு பொய் சொல்ல நினைத்தார் என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் அவருக்கு அது வராது. "ஆமா வத்சலா," என்றார்.

"அஞ்சே முக்காலுக்குக் குடையை எடுத்துக் குடுத்ததும் நான்தான். எங்கே போறீங்கன்னு கேக்கக்கூட இல்ல." வத்சலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அன்னிக்கு ராத்திரி அவர் வீட்டுக்கு வரவே இல்ல."

சேச்சி மாஷின் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"கோர்ட்ல சொல்லுங்க சேச்சி. போலீஸ்ல சொல்லுங்க. அவனை விடாதீங்க," என்றார் வத்சலா. "எனக்கு மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."